மார்கழிப் பனிக்குள் கிழங்கு இறங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் முடிந்த வாரத்தில் உங்கள் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் உருளைக்கிழங்கு பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. சமையலறையில் முளைவிட்ட கிழங்கை நாலாக வெட்டிப் பையில் ஊன்றினால் மூன்று மாதத்தில் அறுவடை என்று சொன்ன அந்தக் குறிப்பில், எந்த ஊர், எந்த மாதம், எந்த ரகம் என்ற மூன்றும் இல்லை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவருக்கு இது பெரிய குறை இல்லை. கோவையிலும் சேலத்திலும் திருச்சியிலும் அதைப் படித்துவிட்டுத் தை மாதம் நட்டவர்களுக்குப் பங்குனியில் என்ன கிடைக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். மேலே தளதளவென்று செடி, அடியில் கோலிக்குண்டு அளவில் நாலு கிழங்கு. விதை சரியில்லை, மண் சரியில்லை என்று பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் இரண்டிலும் பழுது இருக்காது. நட்ட தேதியில்தான் இருக்கும்.

உருளைக்கிழங்கு வேர் அல்ல. மண்ணுக்குள் படுக்கையாக ஓடும் தண்டின் நுனி வீங்குவதுதான் கிழங்கு. இலையில் உண்டாகும் சர்க்கரை கீழே இறங்கி அந்த நுனியில் மாவாகச் சேர வேண்டும். இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். 15 முதல் 18 என்றால் உத்தமம். இரவிலும் 23, 24 என்று நின்றால் செடி பகலில் சேர்த்ததில் பாதியைத் தன் மூச்சுக்கே செலவழித்துவிட்டு, மிச்சத்தை இலையிலும் தண்டிலும் போட்டுக்கொள்ளும். பகலில் 30 டிகிரி அடித்தாலும் ராத்திரி குளிர்ந்தால் பயிர் தேறிவிடும். ராத்திரி புழுங்கினால் என்ன உரம் போட்டாலும் தேறாது.

நம் சமவெளியில் அப்படிப்பட்ட இரவுகள் கார்த்திகைக் கடைசியில் தொடங்கி மாசி பிறப்பதோடு முடிந்துவிடுகின்றன. கூட்டிக் கழித்தால் 60, 65 இரவுகள். அதற்குள் கிழங்கு பிடித்து, பருத்து, முற்ற வேண்டும். நட்ட 30 முதல் 35 நாளில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும் என்பதால், நவம்பர் 5-லிருந்து 20-க்குள் விதை மண்ணுக்குள் போய்விட்டால் கணக்கு சரியாக வரும். ஐப்பசிக் கடைசியில் நடவு, மார்கழி முழுக்கப் பருத்தல், தைப்பூசத்தை ஒட்டித் தோண்டல். தருமபுரி, கோவை, திண்டுக்கல், கம்பம் பக்கத்துக்கெல்லாம் இது பொருந்தும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப்பகுதியில் அக்டோபர் நடுவிலேயே நடலாம். டெல்டாவிலும் சென்னையிலும் ஐப்பசி மழை விதையை அழுகடித்துவிடும். நவம்பர் கடைசி வாரம் வரை பொறுத்து, தரையில் போடாமல் பையில் போட்டு, அடைமழைக்குக் கூரைக்கடியில் இழுத்துவைக்கிற வசதியோடு செய்ய வேண்டும். சென்னையில் மார்கழியிலும் இரவு 20-ஐ விட்டு அதிகம் இறங்காது. அங்கே விளைச்சல் குறைவாகத்தான் வரும் என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்வது நல்லது.

குளிர் இவ்வளவு குறுகியது என்பதால்தான் முன்பருவ ரகம், அதாவது சீக்கிரம் முற்றும் ரகம், வேண்டும் என்று சொல்கிறோம். சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் ரகங்களுக்கெல்லாம் பக்கத்து ஊரான குஃப்ரியின் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். அதில் 1968-இல் வந்த குஃப்ரி சந்திரமுகி, 1998-இல் வந்த குஃப்ரி புக்ராஜ், 2008-இல் வந்த குஃப்ரி கியாத்தி ஆகியவை 70 முதல் 90 நாளில் எடுக்கக்கூடியவை. புக்ராஜ் சதை மஞ்சளாக இருக்கும், காய்ப்பும் நன்றாக இருக்கும். வெப்பத்தைக் கொஞ்சம் தாங்க வேண்டும் என்றால் 2006-இல் வந்த குஃப்ரி சூர்யாவைத் தேடுங்கள். இரவு 20 டிகிரியிலும் கிழங்கு பிடிக்கும். தத்துப்பூச்சி உறிஞ்சி இலை ஓரம் காய்வதையும் தாங்கும். சென்னைக்காரர்கள் வேறு எதையும் நடாமல் இருப்பதே மேல். எல்லோருக்கும் பெயர் தெரிந்த குஃப்ரி ஜோதி மலையில் நாலு மாதப் பயிர். சமவெளியில் 90, 100 நாள் இழுக்கும். சிவப்புத் தோல் சிந்தூரி அதைவிடத் தாமதம். இரண்டையும் விட்டுவிடலாம்.

விதைதான் உண்மையான சிக்கல். விதைக்கிழங்கு 50 கிலோ மூட்டைக் கணக்கில் விற்கிறது, வீட்டுக்குத் தேவையோ ஒரு கிலோ. மாடித்தோட்டக் குழுக்கள் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்வதுதான் வழி. கிடைக்காமல் கடைக்கிழங்கைத்தான் நட வேண்டும் என்றால் ஒரு சோதனை இருக்கிறது. அக்டோபரில் நம் காய்கறிக் கடையில் இரண்டு வகைக் கிழங்கு கலந்து கிடக்கும். ஒன்று வடக்கே மாசியில் தோண்டிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்திருந்த பழைய கிழங்கு. இன்னொன்று கர்நாடகத்தில் மழைப்பருவத்தில் விளைந்து இப்போதுதான் வந்த புதுக்கிழங்கு. கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் வெங்காயச் சருகு போல உரிந்து வந்தால் அது புதுசு. தோண்டிய பிறகு இரண்டு, இரண்டரை மாதம் அது உறங்கும், கண் திறக்காது. ஐப்பசியில் அதை நட்டால் மார்கழியில்தான் முளைக்கும், அதற்குள் அழுகாமல் இருந்தால். தோல் உரியாமல் கெட்டியாக, கண்கள் லேசாகப் புடைத்திருந்தால் பழசு, அதுதான் வேண்டும். கிடங்கில் முளைக்காமல் இருக்க மருந்துப் புகை போட்ட கிழங்கும் சந்தைக்கு வருகிறது. அது முளைக்காது, முளைத்தாலும் கண்ணில் கொசகொசவென்று பருப்பருவாக வந்து நின்றுவிடும். வாங்கியதில் நாலைத் தனியே வைத்து மூன்று வாரம் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஊட்டிக் கிழங்கு என்றால் தனி மதிப்பு உண்டு; சமைக்க வாங்குங்கள், விதைக்கு வேண்டாம். வேரில் முட்டைக்கூடு கட்டும் நூற்புழு 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது; அதனால்தான் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. ஊசித்தலையைவிடச் சிறிய அந்தப் பழுப்புக் கூடுகள் கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வரும், செடி இல்லாவிட்டாலும் பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். ஏற்காடு, கொல்லிமலை போன்ற குளிர்ந்த இடங்களில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கிழங்கைக் கொண்டுவந்த அன்றே நடக்கூடாது. கிடங்கிலிருந்து வந்த விதைக்கு இரண்டு, மூன்று வாரம் வெளிச்சம் காட்ட வேண்டும். 30 குழி முட்டை அட்டை இதற்கென்றே செய்தது போல இருக்கும். கண்கள் நெருக்கமாக இருக்கும் முனை மேலே வரும்படி ஒவ்வொரு குழியிலும் ஒரு கிழங்கை நிறுத்தி, வெயில் நேரடியாகப் படாத திண்ணையிலோ வடக்கு ஜன்னல் ஓரத்திலோ வையுங்கள். வெளிச்சத்தில் வரும் முளை குட்டையாக, தடியாக, பச்சையும் ஊதாவும் கலந்து, அடியில் வேர் மொட்டுகளோடு இருக்கும். ஒரு சென்டிமீட்டர் போதும். சாக்குக்குள்ளும் சமையல் மேடைக்கு அடியிலும் வரும் முளை வெள்ளையாக நூல் மாதிரி நீளும். கை பட்டாலே ஒடியும். உங்கள் குறிப்பு சொன்ன "முளைவிட்ட கிழங்கு" பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். உச்சியில் ஒரே ஒரு முளை மட்டும் ஓங்கி வந்தால் அதைக் கிள்ளிவிடுங்கள், மற்றக் கண்கள் விழிக்கும். இந்த முன்முளைப்பில் பத்து நாளாவது மிச்சமாகும். 65 இரவுதான் கையில் இருக்கும்போது பத்து நாள் சின்ன விஷயமில்லை.

வெட்டலாமா? மலையில் வெட்டலாம். ஐப்பசியில் நம் மண் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். வெட்டுவாய் வழியாக அழுகல் நுழைந்துவிடும். 40 கிராம், அதாவது பெரிய எலுமிச்சை அளவுள்ள முழுக்கிழங்கே பாதுகாப்பு. பெரிய கிழங்குதான் இருக்கிறது என்றால், துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கும்படி நீளவாக்கில் வெட்டி, நிழலில் இரண்டு நாள் விரித்து, வெட்டுவாய் தோல் போலக் காய்ந்த பிறகு நடுங்கள். ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியைக் கொதிநீரில் முக்கித் துடைத்துவிட வேண்டும். ஒரு நோய்க் கிழங்கை வெட்டிய கத்தி அடுத்த பத்துக் கிழங்குக்கு நோயை ஏற்றும்.

சாம்பலை வெட்டுவாயில் தொட்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாம்பல் சத்து என்று பாத்தி முழுக்க அள்ளித் தெளிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தைக் கூட்டும். காரம் கூடிய மண்ணில் உருளைக்குச் சொறி வரும். தோலெல்லாம் தேமல் பட்டது போல வெடித்துச் சொரசொரப்பாகும். மக்காத சாணம் போட்டாலும் அதே சொறி, கூடவே வெண்புழு. தொழு உரம் கையில் எடுத்தால் வாடையில்லாமல் பொலபொலவென்று உதிர வேண்டும்.

ஒரு கிலோ விதையில் 25 கிழங்கு நிற்கும். அதற்கு ஐந்தடிக்கு ஐந்தடி பாத்தி சரியாக இருக்கும். 45 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசையாக மூன்று வரிசை, வரிசைக்குள் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் எட்டுக் கிழங்கு. அந்தப் பாத்திக்கு ஆறேழு கிலோ தொழு உரம், கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு அடியுரம். ரசாயன உரம் போடுபவர்கள் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 17:17:17 காம்ப்ளெக்ஸ் 100 கிராம் சேர்த்துக்கொள்ளலாம். கரிசல் மண் என்றால் முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடாமல் நடவே வேண்டாம். பையில் நடுபவர்கள் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலக்கட்டும்; அலசாத நார்க்கழிவில் உப்பு நிற்கும், உருளை உப்பைத் தாங்காது. வழக்கமான 24-க்கு 24-க்கு 40 சென்டிமீட்டர் பைக்கு ஒரு செடி. 15 அங்குல அகலம், 15 அங்குல உயரப் பைக்கு இரண்டு. போன பருவத்தில் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வளர்ந்த பையின் மண்ணைத் திரும்ப எடுக்காதீர்கள். நாலும் ஒரே குடும்பம், ஒன்றின் வாடல் நோய் மற்றதற்கும் வரும்.

பாதிப் பை வரை மண் போட்டு, முளை மேலே பார்க்கக் கிழங்கை வைத்து, அதன் மேல் நாலு விரற்கடை மண் மூடுங்கள். மேலே காலியாக விட்ட இடம் பின்னால் மண் அணைக்க. தரைப்பாத்தியிலும் அதே ஆழம்தான். நட்ட கையோடு இரண்டு அங்குலம் வைக்கோல் மூடாக்குப் போட்டால் பகல் வெயிலில் மண் சூடேறுவது நன்றாகக் குறையும். மாடியில் பையின் பக்கவாட்டில் வெயில் அடிப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேற்குப் பக்கம் ஒரு பழைய சாக்கையோ கீரைப் பைகளையோ வரிசையாக நிறுத்தினால் போதும்.

மண் அணைப்பதில்தான் பாதி விளைச்சல் இருக்கிறது. செடி ஒரு சாண் வளர்ந்ததும், நட்ட 25 முதல் 30 நாளுக்குள், தண்டின் பாதி மறையும் அளவுக்கு மண்ணோ மக்கிய உரமோ அணைக்க வேண்டும். கிழங்குத் தண்டுகள் அந்த நாட்களில்தான் பக்கவாட்டில் ஓடத் தொடங்கும். மேலே மண் இல்லாவிட்டால் வெளிச்சத்துக்கு வந்து, கிழங்காகாமல் இலைவிட்டுக் கிளையாகிவிடும். 35 நாளுக்கு மேல் கொத்தி அணைக்கப் போனால் அந்தத் தண்டுகளை நாமே அறுத்துவிடுவோம். ஆகவே 45-ஆம் நாள் இரண்டாவது அணைப்புக்குக் கொத்தவே கூடாது, மேலே உரத்தைப் போட்டு மூடினால் போதும். ஆள் உயரக் கோபுரப் பையில் அடுக்கடுக்காக மண் போட்டால் அடுக்கடுக்காகக் கிழங்கு வரும் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். முன்பருவ ரகத்தில் அது நடக்காது. தண்டின் அடிக் கணுக்களிலேயே கிழங்கு பிடித்துவிடும். மேலே போட்ட மண் மண்ணாகவே இருக்கும்.

முதல் அணைப்போடு பாத்திக்கு யூரியா 30 கிராம் கொடுக்கலாம். இயற்கை வழியில் செய்பவர்களுக்கு அதே தழைச்சத்து 200 கிராம் கடலைப்புண்ணாக்கில் இருக்கிறது. ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள். கட்டியாகப் போட்டால் எலியையும் பெருச்சாளியையும் விருந்துக்கு அழைத்தது போலாகும். 45 நாளுக்குப் பிறகு யூரியா, மீன் அமிலம் என்று தழையைத் தள்ளும் எதையும் கொடுக்காதீர்கள். செடி மறுபடி இலைவிடப் போய்விடும், கிழங்கு நின்றுவிடும்.

தண்ணீரில் ஒரே விதி: 35 முதல் 65 நாள் வரை மண் ஒருநாள்கூடக் காயக்கூடாது, ஒருநாள்கூடத் தேங்கவும் கூடாது. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். காயவிட்டுப் பிறகு குடம் குடமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும்; அல்லது கிழங்கின் மேலேயே குட்டிக்கிழங்கு முளைத்து இஞ்சி மாதிரி கோணலாகும்.

நோய்களில் இரண்டைச் சொல்லலாம். பின்பருவ இலைக்கருகல், மேகமூட்டமும் தூறலுமாக மூன்று நாள் இருந்தால் வரும். இலை ஓரத்தில் வெந்நீர் பட்டது போலக் கறுப்பு. விடியற்காலையில் இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பூசணம். வானம் கருத்தவுடனே லிட்டருக்கு 2 கிராம் மாங்கோசெப் பூசணக்கொல்லியோ, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த ஒரு சதவீத போர்டோ கலவையோ தெளிப்பது பாதுகாப்பு. தண்டுவரை கருகிவிட்டால் செடியைத் தரையோடு அறுத்து அப்புறப்படுத்திவிட்டு, கிழங்கை இரண்டு வாரம் மண்ணிலேயே விடுங்கள். உடனே தோண்டினால் இலையின் நோய் கிழங்குக்கு ஏறும். இரண்டாவது பாக்டீரியா வாடல். நேற்றுவரை நன்றாக நின்ற செடி, இலை பச்சையாக இருக்கும்போதே மத்தியானம் துவண்டு விழும். தண்ணீர்க் குறைவா நோயா என்று தெரிந்துகொள்ள, அடித்தண்டில் விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் படும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாகக் கீழே இறங்கினால் அது வாடல் நோய். மருந்து கிடையாது. செடியையும் சுற்றியுள்ள மண்ணையும் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும், அந்த இடத்தில் மூன்று வருடம் கத்தரிக் குடும்பமே கூடாது. அசுவினி, சிலந்திப்பேன் எல்லாம் தை வெயிலில் எட்டிப் பார்க்கும்; வேப்பெண்ணெய்க் கரைசலே பெரும்பாலும் போதும்.

60 நாளுக்கு மேல் ஓரத்து மண்ணை விரலால் விலக்கி, முட்டை அளவு வந்த ஒன்றிரண்டைக் கிள்ளி எடுத்துச் சமைக்கலாம். செடி அதைப் பொருட்படுத்தாது. மொத்தமாக எடுக்க, 75-ஆம் நாளை ஒட்டி இலை மஞ்சளாகத் தொடங்கும்போது தண்ணீரை நிறுத்தி, செடியை அறுத்துவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தோண்டுங்கள். அந்த நாட்களில்தான் தோல் இறுகும். மண்வெட்டி வேண்டாம், பையைச் சாய்த்துக் கையால் அலசினால் ஒன்றுகூட வெட்டுப்படாது. கிலோ விதைக்கு ஆறேழு கிலோ வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கழுவாமல் இருட்டில் வைத்து இரண்டு வாரத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். முன்பருவக் கிழங்கு தோல் மெலிது, வைத்திருக்க ஆகாது. வெளிச்சம் பட்டுப் பச்சையானதைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், பெரியவர்களும் ஆழமாகச் சீவி எறியுங்கள். முழுக்கப் பச்சை என்றால் குப்பைக்குத்தான்.

குறிப்பைப் படித்துத் தையில் நட்டவர்கள் என்ன செய்வது? பிடுங்க வேண்டாம். மூடாக்கைக் கனமாகப் போட்டு, பகல் 11 மணிக்கு மேல் நிழல் விழும் இடத்துக்குப் பையை நகர்த்தி, சாயங்காலம் தண்ணீர் ஊற்றுங்கள். 65 நாளில் கிடைப்பதை எடுத்துத் தோலோடு வறுத்துவிடலாம். அதற்கு மேல் காத்திருந்தால் பங்குனி வெயிலில் கிழங்கு மண்ணுக்குள்ளேயே முளைக்கத் தொடங்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உருளைக்கிழங்குக் குறிப்பை அடுத்த முறை புரட்டாசி முதல் வாரத்தில் போடுங்கள். விதை தேட இரண்டு வாரம், முட்டை அட்டையில் மூன்று வாரம், பாத்தி ஆற ஒரு வாரம் என்று பார்த்தால் ஐப்பசிக் கடைசி வந்துவிடும். கடிதம் நீண்டுவிட்டது, இடம் போதாமல் வெட்டினால் நோய்ப் பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள், தேதிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தோட்டக்கலை வாசகர் ஒருவர்,
தருமபுரி